ஒட்டுப் போர்வையும் இல்லத்துக் காலமும்

கல்லும் செம்பும் பொன்னும் ஆய்வாளர் கண்ணிற்கு எளிதிற் புலப்படுவன. அவை நெடுங்காலம் நிலைப்பவை. ஆதலின் அவற்றைப் பற்றிய நூல்களும் பலவாயின. துணியோ உடுத்தத் தேய்வது, தேய்ந்தபின் கிழிவது, கிழிந்தபின் அடுப்படித் துடைப்பாகி ஒழிவது. அங்ஙனம் ஒழியும் நிலையிலுள்ள துணியைத் தடுத்து நிறுத்திச் சிறு துண்டுகளாக அரிந்து, கையூசியால் ஒன்றோடொன்று பொருத்தி, மீண்டும் ஒரு முழுப் போர்வையாக ஆக்கும் கைவினை உலகின் பல நாடுகளிலும் உண்டு. அதனைச் செய்தோர் பெரும்பாலும் இல்லுறை மகளிர். செய்த இடம் இல்லம். செய்த காலமோ, சமையலுக்கும் குழந்தை வளர்ப்பிற்கும் முதியோர் பணிக்கும் இடையே அவர்க்குக் கிடைத்த சிறுசிறு பொழுதுகள். இவ்விடைப்பொழுதுகளே அக்கைவினையின் வடிவத்தை வகுத்தன என்பதும், அதனால் அப்போர்வை இல்வாழ்வின் காலத்தைப் பதிந்து வைத்த ஆவணமாகின்றது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப் புகும் கருத்துக்களாம்.

1. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘குயில்ட்’ எனப்படும் பொருளுக்கும் ‘பேட்ச்வொர்க்’ எனப்படும் பணிக்கும் வேறுபாடு உண்டு. ‘குயில்ட்’ என்பது மெத்தையைக் குறித்த ‘குல்கிதா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மேலே ஒரு துணி, இடையே பஞ்சுப் படலம், கீழே ஒரு துணி என மூன்றடுக்காக வைத்து, மூன்றையும் ஊடுருவத் தைத்த போர்வை அது. ‘பேட்ச்வொர்க்’ என்பதோ துண்டுகளை அருகருகே பொருத்தி ஒரு பரப்பாக்கும் பணி. முன்னது அடுக்கித் தைத்தல். பின்னது பொருத்தித் தைத்தல். துண்டு பொருத்தாத மெத்தைப் போர்வையும் உண்டு. பஞ்சடுக்காத ஒட்டுவேலையும் உண்டு. இரண்டும் கூடிய பொருளையே ஈண்டு ஒட்டுப் போர்வை என வழங்குவோம்.

தமிழில் இத்துறைக்குரிய பழஞ்சொற்கள் சில கருதத்தக்கன. துன்னுதல் என்னும் வினைக்கு நெருங்குதல், பொருந்துதல், தைத்தல் என்னும் பொருள்கள் உண்டு. இரண்டு விளிம்புகளை நெருங்கச் செய்து ஒன்றாக்குவதே தையலாதலின், இப்பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தமை தெளிவு. துன்னம் என்பது தையல். தைப்போரைத் துன்னகாரர் எனச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை குறிக்கின்றது. சிதார் என்பது கிழிந்த துணி. பொருநராற்றுப்படையில், பொருநன் அரசனைக் காண்பதற்குமுன் உடுத்திருந்த சிதார் வேற்றிழைகள் நுழையத் தைக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படுகின்றது. துறையூர் ஓடைகிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுளில் (136) பல தையல்களையுடைய கந்தைக்கு யாழ்ப்பத்தரின் புறம் உவமையாகின்றது. பத்தரின்மேல் போர்த்த தோலில் ஓடும் தையலையும் உடுத்த கந்தையில் ஓடும் தையலையும் புலவர் ஒருசேரக் கண்டனர்.

உரைகாரரும் பிற்காலத்தாரும் இவ்விடங்களை வறுமையின் அடையாளமாகவே கொண்டு விளக்குவர். பொருள் அதுவே, ஐயமில்லை. எனினும், வேற்றிழை நுழைந்தது என்னும்பொழுது, அதனை நுழைத்த கை ஒன்று உண்டு என்பதும் உடன் பெறப்படுகின்றது. பழைய துணியின் இழை அற்றபின் அதனை எறியாது, வேறோர் இழையைத் தேடி எடுத்து, ஊசியிற் கோத்து, ஒளி உள்ளபோதே அமர்ந்து தைத்தோர் யார், எப்பொழுது தைத்தனர் என்னும் வினாக்கள் பாட்டிற்குப் புறம்பானவை அல்ல. பருத்திப் பெண்டு என நம் பழம்பாடல்கள் சுட்டும் நூற்கும் மகள் இரவில் விளக்கொளியில் காணப்படுபவள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கந்தை என்னும் சொல் ‘கந்தா’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. வடமொழியில் அது துண்டுகளை இணைத்துத் தைத்த துறவியர் போர்வையைக் குறிக்கும். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த அழகிய போர்வைக்குக் ‘காந்தா’ என்பதே பெயர். ஒரே சொல் வங்காளத்தில் கலைப்பொருளின் பெயராயிற்று. நம்மிடத்தில், கசக்கிக் கட்ட வேண்டிய எளிய உடையின் பெயராய்ப் பழமொழியில் நின்றது. சொல்லின் இவ்விருவகைப் போக்கே, கந்தையை வறுமை ஒன்றற்கே உரியதாகக் கொள்ளுதல் பொருந்துமோ என்னும் வினாவை எழுப்புகின்றது.

2. செய்முறை

கையாற் பொருத்தும் முறைகள் பல. அவற்றுள் தாளச்சு முறை எனத்தக்கது ஒன்றை விரித்துரைப்பின் ஏனையவும் விளங்கும். இது சிறப்பாக இங்கிலாந்தில் வளர்ந்தது.

முதலில் அறுகோண வடிவில் தடித்த தாளைக் கத்தரிப்பர். அறுகோணத்தின் பக்கமும் அதனைச் சூழும் வட்டத்தின் ஆரமும் ஒரே அளவினவாதலின், கவராயம் ஒன்றிருந்தால் வேறு அளவுகோல் வேண்டுவதில்லை. பின்னர், அத்தாளினும் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் மிகுமாறு துணியை அரிவர். தாளைத் துணியின் உட்புறம் வைத்து, மிகுந்த விளிம்பைத் தாளின்மேல் மடித்து, நீண்ட தற்காலிகத் தையலால் தாளோடு சேர்த்துத் தைப்பர். இப்பொழுது துணி தாளின் வடிவத்தைத் துல்லியமாகப் பெறுகின்றது.

தாள் எதற்கு எனின், துணியின் இயல்பே காரணம். துணியில் பாவு ஒரு திசையிலும் ஊடை மற்றொரு திசையிலும் ஓடுகின்றன. அவ்விரு திசைகளில் இழுப்பின் துணி பெரிதும் நீளாது. சாய்வாக இழுப்பின் நீண்டு வடிவம் கெடும். அறுகோணத்தின் பக்கங்களுள் பல சாய்வாகவே வெட்டுண்பன. தாள் அச்சாக உள்ளே நின்று அவ்விளிம்புகள் நீளாவண்ணம் காக்கின்றது.

இங்ஙனம் ஆயத்தம் செய்த இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, விளிம்புகளை ஒட்டி வைத்து, மடிப்பின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி பற்றுமாறு நெருங்கிய தையலிடுவர். ஊசி தாளைத் துளைத்தலாகாது. ஒரு துண்டைச் சூழ ஆறு துண்டுகள் பொருந்தியவுடன் மலர் ஒன்று தோன்றும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அயல் துண்டுகளோடு இணைந்தபின், தற்காலிகத் தையலைப் பிரித்துத் தாளை எடுத்துவிடலாம். அத்தாள் மீண்டும் பயன்படும். அறுகோணங்கள் ஒரு மூலையில் மூன்று கூடுவன. இடைவெளியின்றிப் பரப்பை நிறைப்பன. தேனடையின் அமைப்பும் இதுவே. அதனால் இதற்குத் தேனடை வேலை என்னும் பெயரும் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்காவில் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் மகளிர் இதழ் 1835இலேயே இம்முறையை விளக்கி வெளியிட்டது.

மேற்பரப்பு முற்றுப்பெற்றபின், பஞ்சுப் படலமும் அடித்துணியும் சேர்த்து மூன்றடுக்கையும் தைக்க வேண்டும். இதனை இருவகையிற் செய்வர். சிறு நேர்த்தையல்களைப் பரப்பெங்கும் ஓட்டுவது ஒருவகை. ஆங்காங்கே நூலை ஊடுருவச் செலுத்தி முடிச்சிட்டு நிறுத்துவது மற்றொருவகை. பெரிய போர்வையாயின், அதனை விறைப்பாக நிறுத்தச் சட்டம் வேண்டும். சட்டத்தைச் சுற்றிப் பலர் அமர வேண்டும். அமெரிக்க ஊர்ப்புறங்களில் அண்டை வீட்டு மகளிர் கூடி இப்பணி செய்வது வழக்கமாக இருந்தது. துண்டு பொருத்துதலோ ஒருத்தி தன் மடியில் வைத்துச் செய்வது. ஒரே போர்வையில், பொருத்துதல் சிதறிய காலத்திற்குரிய பணியாகவும், அடுக்கித் தைத்தல் திரண்ட காலத்திற்குரிய பணியாகவும் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பு நம் கருத்திற்கு முதற் சான்றாகும்.

3. கணக்கும் காலமும்

இப்பணியின் அளவை ஒரு கணக்கால் தெளியலாம். தொட்டிற் குழந்தைக்கென 30 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உடைய சிறு போர்வை ஒன்று செய்யப்படுவதாகக் கொள்வோம். அதன் பரப்பு 1,080 சதுர அங்குலம். ஓரங்குலப் பக்கமுடைய அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர அங்குலம். எனவே ஏறக்குறைய 415 துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு துண்டிற்கும் ஆறு பக்கம். உட்பக்கம் ஒவ்வொன்றும் இரண்டு துண்டுகளுக்குப் பொது. ஓரத்தில் நிற்பனவற்றை நீக்கின், தைக்க வேண்டிய இணைப்புகள் 1,100க்குக் குறையா. ஓரங்குலத்திற்குப் பதினைந்து தையல் எனக் கொள்ளின், தையல்கள் 16,000க்கு மேற்படும்.

ஒரு துண்டைத் தாளில் மடித்துத் தைக்க இரண்டு நிமிடமும், ஓரிணைப்பிற்கு மூன்று நிமிடமும் ஆகுமென வைப்போம். மொத்தம் 4,130 நிமிடங்கள். ஒருவர் முழுநாளும் இதிலேயே அமர்வாராயின், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையாக ஒன்பது நாளில் மேற்பரப்பு முடிந்துவிடும். ஆனால் இல்லுறை மகளிர்க்கு அத்தகைய நாள் ஒன்றேனும் வாய்த்தல் அரிது. நாள்தோறும் கால்மணி நேரமே வாய்க்குமெனின் 275 நாட்கள் செல்லும். இது பத்துத் திங்கள் எனப்படும் கருவுற்ற காலத்தோடு ஒத்து நிற்கின்றது. கருவுற்றமை அறிந்த நாள் முதல் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் என அமர்பவள், குழவியை ஏந்தும் காலத்தை ஒட்டியே அப்போர்வையையும் ஏந்த இயலும்.

இக்கணக்கிற் கருதத்தக்கது மொத்தக் காலம் அன்று; அக்காலம் பகுபடும் முறையே. ஓரிணைப்பு மூன்று நிமிடத்தில் முடிகின்றது. பால் பொங்குவதற்குள் ஓரிணைப்பு முடியும். குழந்தை விழித்தால் ஊசியைத் துணியிற் குத்தி வைத்துவிட்டு எழலாம். மீண்டும் வந்து அமருங்கால், விட்ட இடம் எதுவெனத் தேட வேண்டுவதில்லை. அடுத்த பக்கமே அடுத்த பணி. ஓவியம் வரைவோன் வண்ணம் உலருமுன் முடிக்க வேண்டும். குயவன் மண் காயுமுன் வனைந்தாக வேண்டும். ஒட்டுவேலை செய்பவளை அவள் பணிப்பொருள் விரைவுபடுத்துவதில்லை. ஒருநாள் விடினும் ஒருதிங்கள் விடினும், துண்டு துண்டாகவே காத்திருக்கும். இடையீடு நேர்ந்தால் கெடாத கலைகளே இடையீடு மிக்க வாழ்வில் நிலைபெற இயலும். அவற்றுள் இது தலைசிறந்தது.

4. வறுமையோ, காலமோ?

ஒட்டுப் போர்வை வறுமையிற் பிறந்தது என்பது பலரும் கொண்ட கருத்து. துணி அரிதாதலின் துண்டையும் வீணாக்காது தைத்தனர் என்பர். இக்கருத்தை வரலாறு முழுதும் ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் இன்று கிடைக்கும் ஒட்டுவேலைகளுள் மிகப் பழையனவாக மதிக்கப்படுவன இரண்டு. ஒன்று, 1708ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கருதப்படும் லெவென்ஸ் மாளிகைப் போர்வை. அது இந்தியச் சாயச்சித்திரத் துணித் துண்டுகளால் ஆயது. மற்றொன்று, 1718 என்னும் ஆண்டெண் தைக்கப்பெற்ற பட்டு ஒட்டுப்போர்வை. அது தாளச்சு முறையிற் செய்யப்பெற்றது. பட்டும் இந்தியச் சாயத்துணியும் வறியோர் வீட்டுப் பொருள்கள் ஆகா. சோழமண்டலக் கரையினின்று மேனாடுகளுக்குச் சென்ற எழுதுசாயத் துணிகள் ஆங்கிலேயரை எத்துணை ஈர்த்தனவெனின், உள்நாட்டு நெசவாளர் கிளர்ச்சியால் அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையும் பயன்படுத்துவதையும் தடுக்கும் சட்டம் 1721இல் அங்கு இயற்றப்பட்டது. 1774இலேயே அத்தடை நீங்கியது. அத்தகைய நிலையில், முன்னரே வீட்டிலிருந்த துணியின் சிறு துண்டும் பேணப்பட்டமை வியப்பன்று. அதற்குக் காரணம் துணியின் அருமை. உடையவரின் வறுமை அன்று.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் வாழ்விலிருந்து ஒரு சான்று காட்டலாம். அவரும் அவர்தம் தாயும் தமக்கை கசாண்ட்ராவும் கூடிச் சாய்சதுரத் துண்டுகளாற் செய்த ஒட்டுப்போர்வை, சாட்டன் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் காக்கப்படுகின்றது. 1811 மே 31ஆம் நாள் தமக்கைக்கு எழுதிய மடலில், ஒட்டுவேலைக்குத் துண்டுகள் திரட்ட மறவாதிருந்தாயோ என ஆஸ்டின் வினவுகின்றார். துண்டின்மையால் பணி நின்றுவிட்டது என்பது அம்மடலால் அறியப்படுகின்றது. அவரது முதல் நாவல் அச்சில் வெளிவந்ததும் அவ்வாண்டே. அவர் மருகர் எழுதி 1870 என்னும் ஆண்டு பொறித்து வெளிவந்த வாழ்க்கை வரலாறு மற்றொரு செய்தியைத் தருகின்றது. ஆஸ்டினுக்கென எழுதும் அறை தனியே இல்லை. பலரும் வந்து செல்லும் கூடத்தில் அமர்ந்து, எவரேனும் வந்தால் உடனே மறைத்து வைத்தற்கேற்பச் சிறு தாள்களிலேயே அவர் எழுதினார் என்பதே அச்செய்தி. சிறு தாளும் சிறு துண்டும் ஒரே கூடத்தில், ஒரே கையில், ஒரே காரணத்தால் அமைந்தன. மகளிர் எழுத்து இடையீடுகளுக்கு நடுவே நிகழ்வது என்னும் உண்மையை வர்ஜீனியா உல்ஃப் 1929இல் தம் கட்டுரை நூலில் எடுத்துரைத்தபொழுது ஆஸ்டினின் இச்செய்தியையே சான்றாகக் கொண்டார். இலக்கியத்தின் வடிவத்தை ஆராயப் பயன்படும் அவ்வுண்மை, ஊசிவேலையின் வடிவத்தை ஆராயவும் பயன்படுகின்றது.

வறுமை மிக்க இடத்தில் நிலை யாது? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில் வாழும் கறுப்பின மகளிரின் போர்வைகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. 2002இல் ஹூஸ்டன் நகரிலும் பின்னர் நியூயார்க்கிலும் கலைக்காட்சிக் கூடங்களில் வைக்கப்பெற்றன. அடிமைகளாய் இருந்தோர் வழிவந்த அம்மக்கள் நெடுநாள் கொடிய வறுமையில் உழன்றவர். ஆயினும் அவர்தம் பழைய போர்வைகளிற் பலவற்றில் துண்டுகள் பெரியன. கால்சட்டையின் முழுக் காலே ஒரு பட்டையாக நிற்பதுண்டு. குளிர்காலத்திற்குமுன் குடும்பத்தார் எல்லார்க்கும் போர்வை வேண்டும். பகலெல்லாம் வயலில் உழைத்தோர்க்கு நுண்டுண்டு பொருத்தப் பொழுதில்லை. எனவே துண்டு சிறுத்தல் வறுமையின் அளவிற்கேற்ப நிகழ்வதன்று. பொழுது சிதறியும் ஒருவாறு உறுதியாகவும் கிடைக்கும் இல்லங்களில் துண்டு சிறுக்கின்றது. பொழுதே கிடைக்காத இல்லங்களில் பெருக்கின்றது.

அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்டுவே என்பார் 1942இல் தம் கணவர் இறந்தபின், அவர் உழைக்கும்போது உடுத்த உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து, அவர் உடையாற் போர்த்துக் கொள்ளுதல் அவர்தம் நோக்கம். நிறம் மங்கிய துணியில், முழங்காலிட்டு உழைத்த இடம் மட்டும் வேறு நிறமாய்த் தோன்றுகின்றது. கந்தையை அவர் மேற்கொண்டது துணி மிச்சம் பிடித்தற்கு மட்டும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இல்லம் இழந்தோர் நிலையையும் ஈண்டு நோக்கலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கி சிறையில் ஆங்கிலேயர் முதலிய மகளிரும் சிறுவரும் அடைக்கப்பட்டனர். அங்குச் சாரணியராய்க் கூடிய சிறுமியர் ஏறத்தாழ இருபதின்மர், தம் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாரின் பிறந்தநாளுக்கென, கிடைத்த கந்தல்களை அறுகோணமாக்கி, மலர்மலராகப் பொருத்தி, அவர் அறியாதபடி ஒரு போர்வை தைக்கலாயினர். இலண்டனிலுள்ள பேரரசுப் போர்க்காட்சியகத்தில் அது காக்கப்படுகின்றது. உள்ளங்கையில் மறையும் துண்டாதலின் காவலர்க்கும் தலைவிக்கும் தெரியாமற் செய்ய முடிந்தது. இல்லத்து இடைப்பொழுதிற்கென அமைந்த சிறுவடிவம், இல்லமே இல்லாத இடத்திலும் கைகொடுத்தது.

5. தாளும் தையலும் சான்றாதல்

தாளச்சு முறையிற் செய்த பழைய போர்வைகள் சிலவற்றில், பணி முற்றுப்பெறாமையாலோ வேறு காரணத்தாலோ தாள்கள் எடுக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அவை பெரும்பாலும் வீட்டிற் கிடந்த பழந்தாள்கள்: மடல்கள், கணக்கேடுகள், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி ஏடுகள், செய்தித்தாள்கள். துணியின் பின்புறத்தை நோக்குவோர், அறுகோணமாக வெட்டுண்ட ஒரு வரியின் நடுப்பகுதியை, தொடக்கமும் முடிவும் அறியப்படாமற் படிக்கின்றனர். ஆண்டெண்ணுடைய ஒரு துண்டு, அப்போர்வை அவ்வாண்டிற்கு முற்பட்டதன்று என்பதை அறிவிக்கின்றது. செல்லரித்த ஏட்டிற் சிதைந்த பாடத்தைத் திரட்டிய பயிற்சியுடைய தமிழாய்வாளர்க்கு இம்முறை புதிதன்று.

தாளினும் நுண்ணிய சான்று தையலே. தையலையும் ஏட்டைப்போல் படிக்கலாம் என்பதை நாடகமாக்கிக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல். அயோவா மாநிலத்தில் 1900ஆம் ஆண்டின் இறுதியில் உழவர் ஒருவர் கொலையுண்டார். அவர் மனைவிமேல் வழக்கு நடந்தது. செய்தித்தாள் நிருபராய் அதனைக் கண்டெழுதிய கிளாஸ்பெல், 1916இல் அதனைத் தழுவி ‘டிரைஃபிள்ஸ்’ என்னும் ஓரங்க நாடகத்தை இயற்றினார்; அடுத்த ஆண்டு சிறுகதையாகவும் ஆக்கினார். நாடகத்தின் பெயர்க்கு அற்பங்கள் என்பது பொருள். கொலை நிகழ்ந்த வீட்டிற்குத் துப்பறிய வந்த ஆடவர் மாடியிலும் தொழுவத்திலும் தேடுகின்றனர். அவர்களோடு வந்த பெண்டிர் இருவர் அடுக்களையிலேயே இருந்து, முடிவுறாத போர்வைத் துண்டுகளைக் காண்கின்றனர். எல்லாத் துண்டுகளிலும் தையல் ஒழுங்காக ஓட, கடைசியாகத் தைத்த ஒன்றில் மட்டும் அது தாறுமாறாக ஓடுகின்றது. அதனைக் கண்ட மாத்திரத்தில் அவள் உள்ளம் கலங்கிய பொழுது எது என்பது அவர்க்குப் புலனாகின்றது. ஒருத்தி, பேசிக்கொண்டே அத்தையலைப் பிரித்துச் செவ்வையாகத் தைத்துவிடுகின்றாள். அது சான்றை அழித்தல்; அதுவே துன்புற்றவளுக்குத் துணைநிற்றலும் ஆகும். அவள் அப்போர்வையை நேர்த்தையலால் முடிக்க எண்ணினாளோ, முடிச்சிட்டு முடிக்க எண்ணினாளோ என ஆடவர் நகையாடுகின்றனர். இருவகை முடிப்பையும் அறிந்தோர்க்கே, கழுத்திற் கயிறிட்டு நிகழ்ந்த அக்கொலையோடு முடிச்சு என்னும் சொல் எங்ஙனம் பொருந்துகின்றது என்பது விளங்கும். செய்முறை அறியாதார்க்கு நாடகத்தின் இறுதிச் சொல் பொருளிழக்கும்.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலும் இத்துறையிற் கருதத்தக்கது. கணவனைப் பிரிந்த சாஜு என்பாள், தம் இருவர் வாழ்வையும் காந்தாவில் ஊசியால் வரைந்து, தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டி இறக்கின்றாள். பின்னர் மீண்டு வந்த கணவன் அக்காந்தாவைப் போர்த்தவாறே அக்கல்லறைமேல் இறந்து கிடக்கின்றான். கிளாஸ்பெலின் பெண்டிர் தையலின் பிழையைப் படித்தனர்; ஜசீமுத்தீனின் தலைவி தையலையே எழுத்தாக்கினாள். இரு நாட்டு ஆசிரியரும், பதினான்கு ஆண்டுகளுக்குள், தையலை ஒரு மொழியாகக் கண்டமை ஒப்பியல் ஆய்விற்குரிய பொருளாகும்.

6. நம் நாட்டு இனப்பணிகள்

துண்டு பொருத்துதல் இந்நாட்டிற்கு அயலானதன்று. பௌத்தத் துறவியரின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் அமைந்த வரிசையைக் காட்டி, அங்ஙனமே துறவியர் ஆடை அமைய வேண்டுமெனப் புத்தர் கூற, ஆனந்தர் அதனை அமைத்தார் என்பது விநயபிடகச் செய்தி. கந்தை என்னும் சொல் துறவியர் போர்வையைக் குறித்தமையும் இதனோடு இயையும்.

வங்காளக் காந்தாவில் துண்டு பொருத்துதல் சிறுபான்மை, அடுக்குதலே பெரும்பான்மை. சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே தைக்கும் நூலாகும். குளிர்காலப் போர்வையேயன்றி, கண்ணாடியைப் பொதியவும் நூலைச் சுற்றவும் சிறு காந்தாக்கள் செய்வதுண்டு. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க முன்னோர் வழிவந்த சித்தி மக்களின் மகளிர் செய்யும் போர்வையோ துண்டுகளை அடித்துணிமேல் பரப்பித் தைப்பது. ஓரத்திலே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் பூ என்னும் பொருளுடைய ‘ஃபூலா’ எனச் சிறு மடிப்புத் துண்டுகள் வைப்பர். அவை இல்லாத போர்வை ஆடையற்றது போலாகும் என்பது அவர் கொள்கை. கடைசித் துண்டையும் அணியாகவே வைக்கும் இவ்வழக்கு, கந்தை வறுமையின் அடையாளம் மட்டுமே என்னும் கூற்றை மறுத்து நிற்கின்றது.

தமிழகத்து இல்லங்களில், பழகி மென்மையுற்ற நூற்சேலையை மடித்துக் குழந்தைக்கு விரிப்பாக்குவதும், தூளியாகக் கட்டுவதும் இன்றும் உள்ள வழக்கம். புதுத்துணி பிள்ளையின் மேனிக்கு வன்மையானது. பலமுறை துவைத்த துணியே ஏற்றது என்பது தாயர் பட்டறிவு. பாட்டியின் சேலையிற் பேரப்பிள்ளை உறங்குவதில், துணியின் மென்மையோடு உறவின் தொடர்ச்சியும் உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒட்டுப் போர்வையின் சிறுதுண்டு வடிவம் பெரிதும் இல்லத்துக் காலத்தின் இடையறவிலிருந்து தோன்றியது. அவ்வடிவம் துணியின் அருமை, வறுமை, நினைவு, அணிநோக்கு ஆகியவற்றை இடத்திற்கேற்ப ஏற்றுக்கொண்டது. அதன் தையலும் உள்ளே தங்கிய தாளும் செய்தவளைப் பற்றிய சான்றுகளாய்ப் படிக்கத்தக்கன.

இவற்றால் தமிழாய்விற்கு ஒரு கடமையும் பிறக்கின்றது. துன்னம், சிதார், கந்தை, ஒட்டு என்னும் சொற்களுக்கு நம் அகராதிகள் பொருள் தருகின்றன. அச்சொற்களுக்குரிய வினைகளை, அதாவது எவ்வகைத் தையல் எத்துணிக்கு, எந்நூல் எப்பொழுதிற்கு என்பவற்றை, அறிந்தோர் முதிய மகளிரே. ஊர்தோறும் வழங்கும் தையற்பெயர்களும், பழந்துணியை மறுபயனாக்கும் வழக்குகளுக்குரிய சொற்களும் வாய்மொழியிலேயே உள்ளன. அவற்றை ஆள்வோர் மறையின் அவையும் உடன் மறையும். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் முதுகலை மாணவர், வேளாண்மைக்கும் மீன்பிடித்தலுக்கும் தொகுத்தது போலவே, ஊசிப்பெட்டிக்கும் ஒரு சொற்பட்டியல் தொகுத்தல் வேண்டும். கேட்குங்கால் பெயரை மட்டும் கேளாது, அதனைத் தைத்துக் காட்டுமாறும், நாளில் எப்பொழுது தைப்பார் என்பதைச் சொல்லுமாறும் கேட்டுக் குறித்தல் நலம். பொருநனின் சிதாரில் வேற்றிழை நுழைத்த கையை நாம் காண்பதற்கு வழி, இன்றும் அவ்வாறு இழை நுழைக்கும் கைகளை அருகிருந்து காண்பதேயாகும்.